பெரியப்பா குப்பை வாரிய ஆறு

பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு சிங்கப்பூரிலிருக்கும் என் பெரியப்பாவைப் பார்த்து வரச் சென்றிருந்தேன். ஜொகூரில் எங்கள் தோட்டத்திலிருந்து விடியற்காலை பஸ் ஏறி, குடிநுழைவு வரிசையில் கால் கடுக்க நின்று, பாலத்தைக் கடந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டும்போது நண்பகலாகிவிட்டது. பெரியப்பாவுக்கு வயது எண்பத்தைந்து. காது சற்று மந்தம். நடை மட்டும் தளரவில்லை. பசியாறியதும் அவரே கேட்டார்:

"ஆத்தங்கரைக்குப் போயிட்டு வருவோமா, தாயி? பிள்ளைங்க பாக்கட்டும்."

ஆற்றில் பார்க்க என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள். எங்கள் தோட்டத்து ஓரத்தில் ஓடுவதும் ஆறுதான். அதில் தொழிற்சாலைத் தண்ணீர் கலந்து என்ன நிறத்தில் ஓடுகிறதென்பது அவர்களுக்குத் தெரியும்.

சிங்கப்பூர் ஆற்றின் கரையில், போட் கீ என்னும் பழைய படகுத்துறையில் போய் இறங்கினோம். ஒரு பக்கம் வரிசையாகப் பழைய ஈரடுக்குக் கடைவீடுகள், புதுச் சாயம் பூசி நிற்கின்றன. அவற்றின் முதுகுக்குப் பின்னால் வங்கிகளின் மாடிக் கட்டடங்கள் வானத்தைத் தொடுகின்றன. கரையோரம் குடை விரித்து மேசை போட்டு வெள்ளைக்காரர்களும் சீனர்களும் நம்மவர்களும் உணவருந்திக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா கீழே இறங்கியதும் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார். பிறகு தாமாகவே சிரித்துவிட்டு அதை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

"பழக்கம் விடமாட்டேங்குது" என்றார்.

வாசகர்களே! அந்தக் கைக்குட்டைதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது. பெரியப்பா 1958-இல் தோட்டத்தை விட்டுச் சிங்கப்பூர் போனவர். பால்மரம் வெட்டிய கை, அங்கே துப்புரவு வேலைக்கு விளக்குமாறு பிடித்தது. சாக்கடை, சந்து என்று பல இடம் சுற்றி, கடைசியில் இந்த ஆற்றில் மிதக்கும் குப்பையை வாரும் வேலைக்கு வந்து சேர்ந்தார். இன்று உலகமெல்லாம் வந்து படம் பிடித்துச் செல்லும் இந்தத் தண்ணீர் அன்று கறுப்பாக இருந்ததென்றும், அதன் நாற்றம் பாலத்தின் மேல் பஸ்ஸில் போகிறவர்களையும் விடாதென்றும் அவர் சொன்னபோது என் மூத்த மகள் நம்பவில்லை.

கிட்டங்கியும் தொங்கானும்

ஒரு துறைமுகம் எப்படிப் பிறக்கிறது? 1819-இல் ராஃபிள்ஸ் துரை வந்திறங்கியபோது இந்த ஆற்றின் முகத்துவாரந்தான் சிங்கப்பூருக்கு வாசல். தென்கரை அப்போது சதுப்பு நிலம். பக்கத்திலிருந்த சிறு குன்றை வெட்டி, அந்த மண்ணைக் கொண்டே சதுப்பை நிரப்பினார்கள். 1842-க்குள் போட் கீ முழு உருவம் பெற்றது. அந்த இடத்தில் ஆறு வளைந்து அகலுவதைக் கெண்டை மீனின் வயிற்றுக்கு ஒப்பிட்டு, அங்கே கடை வைத்தால் செல்வம் கொழிக்கும் என்று சீன வணிகர்கள் நம்பினார்கள். நம்பிக்கை வீண் போகவில்லை. 1860-களில் சிங்கப்பூரின் கப்பல் சரக்கில் முக்கால் பங்கு இந்தத் துறை வழியாகவே கைமாறியது.

ஆனால் ஆறு ஆழமில்லாதது. பெரிய கப்பல் உள்ளே வர முடியாது. அவை கடலில் நங்கூரம் போட்டு நிற்க, தட்டையான சரக்குப் படகுகள் போய்ச் சரக்கை இறக்கி வரும். அந்தப் படகைத்தான் நாம் தொங்கான் என்கிறோம். ஆரம்பக் காலத்தில் இந்தப் படகுத் தொழிலில் முன்னணியில் நின்றவர்கள் யார் தெரியுமா? சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள்! நாகப்பட்டினம், நாகூர்ப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்களை அங்கே அப்படித்தான் அழைத்தார்கள். அவர்கள் பெயரால் இன்றும் சூலியா ஸ்திரீட் அங்கே இருக்கிறது. அவர்கள் 1826-இல் ஏற்படுத்திய ஜாமியா சூலியா பள்ளிவாசலும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் படகுத் தொழில் மெல்ல மெல்லச் சீனர் கைக்குப் போயிற்று. அவர்களுடைய படகுகளின் முன்பக்கத்தில் இரண்டு கண்கள் வரைந்திருக்கும். படகுக்கு வழி தெரிய வேண்டுமாம்!

ஆற்றுக்கு எட்டிய தூரத்தில் மார்க்கெட் ஸ்திரீட். நம்மவர் வாயில் அது செட்டித் தெரு. அங்கே கிட்டங்கிகளில் பாய் விரித்து, சாய்வுப் பெட்டிக்கு முன்னால் அமர்ந்து நகரத்தார் கடன் கொடுத்தார்கள். சீன முதலாளி சரக்கெடுக்கவும், மலாயாவில் தோட்டம் வாங்கவும் அந்தப் பணம் உதவிற்று. முகத்துவாரத்தில் நிற்கும் கேவனா பாலத்தின் இரும்பு கிளாஸ்கோவிலிருந்து வந்தது. ஆனால் அதை இங்கே நிறுத்தியவர்கள் இந்தியக் கைதிகள். 1825 முதல் இங்கே கொண்டுவரப்பட்ட அந்தக் கைதிகள் செய்த கடைசிப் பெரிய வேலை அதுதான். மாடும் குதிரையும் அதன்மேல் போகக்கூடாதென்ற பழைய அறிவிப்புப் பலகை இன்னும் பாலத்தில் இருக்கிறது. என் சின்ன மகள் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "அப்போ ஆடு போகலாமா?" என்று கேட்டாள். பெரியப்பாவுக்குப் பதில் தெரியவில்லை.

படகிலிருந்து கிட்டங்கிக்கு ஒற்றைப் பலகை. அதன்மேல் மூட்டையைத் தோளில் சுமந்து கூலிகள் ஓட வேண்டும். ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு குச்சி கிடைக்கும். மாலையில் குச்சியை எண்ணிக் கூலி. நம் தோட்டத்தில் பாலை நிறுத்துக் கணக்கெழுதிய கிராணியின் புத்தகம் எப்படியோ, அப்படித்தான் அவர்களுக்கு அந்தக் குச்சி. அரிசி, மிளகு, சீனி என்று வந்த சரக்குகளோடு ரப்பரும் சேர்ந்தது. 1911-இல் சிங்கப்பூரிலேயே ரப்பர் ஏலம் தொடங்கியது. மலாயாவின் தென்பகுதித் தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிமார் வெட்டிய பால், தகடாகிப் புகையுண்டு, ரயிலிலும் லோரியிலும் இங்கே வந்து, இந்த ஆற்றங்கரைக் கிட்டங்கிகளில் அடுக்கப்பட்டு, தொங்கானில் ஏறிக் கப்பலுக்குப் போயிற்று. வெட்டியவர் கப்பலைப் பார்த்ததில்லை. படகில் ஏற்றியவர் மரத்தைப் பார்த்ததில்லை.

பெட்டி செய்த வேலை

கரையில் கூட்டம் பெருகப் பெருக, ஆறு குப்பைத் தொட்டியாயிற்று. படகின் எண்ணெய், கரையோரக் குடிசைகளின் கழிவு, தெருவோரக் கடைகளின் எச்சில் தண்ணீர், படகு கட்டும் பட்டறைகளின் சிராய், மேற்பகுதியில் பன்றிப் பண்ணைகளின் சாணம், எல்லாம் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. மலையிலிருந்து வேகமாக ஓடி வரும் ஆறென்றால் அழுக்கை அடித்துக்கொண்டு போய்விடும். இதுவோ நகருக்குள் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் சின்ன ஆறு. கடல் ஏறும்போது குப்பை மேலே வரும், இறங்கும்போது கீழே போகும், மறுபடி மேலே வரும்.

"காலைல வாருன பூனைச் செத்தது சாயங்காலம் திரும்பி வந்து நிக்கும். என்னையப் பாக்க வந்த மாதிரி" என்றார் பெரியப்பா. அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

இதே காலத்தில் கடலிலே வேறொரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. 1956-இல் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லோரி முதலாளி 58 இரும்புப் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். மூட்டை மூட்டையாகச் சுமக்க வேண்டியதில்லை. லோரியிலிருந்த பெட்டியை அப்படியே பாரந்தூக்கியால் எடுத்துக் கப்பலில் வைத்தால் போதும். கொள்கலன் என்று இன்று நாம் சொல்லும் பெட்டி அதுதான். 1972-இல் தஞ்சோங் பகாரில் கொள்கலன் துறைமுகம் திறந்தது. அன்றோடு தொங்கானுக்கு நாள் எண்ணப்பட்டது. நூறு பேர் பல நாள் சுமந்ததை ஓர் இயந்திரமும் சில ஆட்களும் சில மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள் என்றால் எந்தக் கப்பல் முதலாளி காத்திருப்பான்?

சிங்கப்பூருக்கு மட்டும் வந்த விதியல்ல இது. லண்டன் மாநகரின் தேம்ஸ் நதிக்கரைத் துறைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடி, 1981-இல் ராயல் துறைகளும் மூடின. உலகத்தையே சுரண்டிச் சேர்த்த சரக்கெல்லாம் வந்திறங்கிய இடம் காடு மண்டிக் கிடந்தது. அதே ஆண்டு அரசாங்கம் தனிக் கழகம் அமைத்து அந்த நிலத்தில் அலுவலகக் கோபுரங்களை எழுப்பலாயிற்று. பழைய துறைமுகத் தொழிலாளியின் மகனுக்கு அந்தக் கோபுரத்தில் எத்தனை வேலை கிடைத்தது என்ற கேள்வி அங்கே நெடுநாள் கேட்கப்பட்டது. பெட்டி வந்ததால் பழைய கரை சும்மா கிடக்கிறது. நகரத்தின் நடுவில் இருப்பதால் அந்த நிலத்துக்கு விலை ஏறுகிறது. ஊர் ஊராக நடந்த கதை இதுதான்.

பத்தாண்டுக் கெடு

சிங்கப்பூரில் ஒரு வித்தியாசம். அங்கே கட்டடம் எழுப்புமுன் தண்ணீரைக் கழுவினார்கள். 1977 பிப்ரவரி 27-இல் அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் பிரதமர் லீ குவான் யூ அதிகாரிகளுக்கு ஒரு கெடு வைத்தார். பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்க முடிய வேண்டும் என்பதே அது. கேட்டவர்களில் நம்பியவர் எத்தனை பேரோ!

ஆற்றைச் சுத்தம் செய்வதென்றால் ஆற்றுக்குள் இறங்கி வாருவது மட்டுமென்று நினைத்திருந்தேன். பெரியப்பா திருத்தினார். "வாரிக்கிட்டே இருந்தா ஆயுசுக்கும் வாரலாம் தாயி. வர்ற எடத்தை அடைக்கணும்." சுற்றுச்சூழல் அமைச்சின் அதிகாரிகளும் அதைத்தான் செய்தார்கள். இந்த இரண்டு ஆறுகளுக்கும் தண்ணீர் வடியும் நிலம், அந்தத் தீவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அழுக்கு எங்கிருந்து வருகிறதென்று அவ்வளவு இடத்தையும் அலசிக் கணக்கெடுத்தார்கள். காலாங் பக்கம் 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் இருந்தன. தெருவோர அங்காடிக் கடைக்காரர்கள் ஏறத்தாழ ஐயாயிரம் பேர். சாக்கடை இணைப்பே இல்லாத குடிசைகளில் ஏறத்தாழ 26,000 குடும்பங்கள். வீட்டுக்குப் பின்னால் நடந்த சிறு பட்டறைகள் வேறு.

பண்ணைகள் மூடப்பட்டன. குடும்பங்களுக்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடு. தெருக்கடைக்காரருக்குக் குழாய்த் தண்ணீரும் சாக்கடை வசதியும் உள்ள உணவங்காடி நிலையம். நம் லயத்துப் பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும் வாளிக் கக்கூஸ், சிங்கப்பூரில் 1987 ஜனவரியில்தான் ஒரேயடியாக ஒழிந்தது. பிறகு ஆற்றின் அடியில் படிந்திருந்த கறுப்புச் சேற்றைத் தோண்டி எடுத்தார்கள். கரையைச் செப்பனிட்டு நடைபாதை போட்டார்கள். இடம் மாற்றியவர்களுக்குக் கொடுத்த இழப்பீடு நீங்கலாகவே 17 கோடி வெள்ளி செலவு.

1987-இல் கெடு முடிந்தது. மீன் திரும்பியிருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் விழா எடுத்து, திட்டத்தை நடத்திய முக்கிய அதிகாரிகளுக்குத் தங்கப் பதக்கம் அணிவித்தார்கள். அவர்கள் அதற்குத் தகுதியானவர்கள்தாம். பெரியப்பாவிடம் இதைப் பேசியபோது கால்சட்டையைச் சற்று உயர்த்திக் கணுக்காலைக் காட்டினார். சேற்றில் கிடந்த உடைந்த போத்தல் கிழித்த தழும்பு, ஒரு சாண் நீளம். "என் பதக்கம் இதுதான். கழற்றி வைக்க முடியாது" என்றார். குறையாகச் சொல்லவில்லை. அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டே தண்ணீரைப் பார்த்தார். வெயிலில் அது பச்சையாக மின்னிற்று.

சீனக் கூட்டாளி

இதோடு கட்டுரையை முடித்துவிட்டால் நல்ல பாடமாக அமைந்துவிடும். வகுப்பில் அப்படித்தான் நடத்தியும் இருக்கிறேன். ஆனால் அன்று பெரியப்பா சொன்ன இன்னொரு செய்தியை மறைத்தால் அது பாதி உண்மைதான்.

அவருக்கு ஒரு சீனக் கூட்டாளி இருந்தார். தொங்கானில் பிறந்து தொங்கானில் வளர்ந்த மனிதர். இருவருக்கும் பொதுமொழி பாசார் மலாய். மதியம் படகின் நிழலில் உட்கார்ந்து கோப்பி குடிப்பார்களாம். மாலையானால் அந்தப் படகோட்டிகள் ரீட் பாலத்தருகே கூடி, கதைசொல்லி சொல்லும் பழங்கதைகளைக் கேட்பார்களாம். பெரியப்பாவும் மொழி புரியாமலே போய் உட்காருவாராம். "சண்டை வந்தா குரல் ஏறும், சாவு வந்தா இறங்கும். அவ்வளவு போதும் நமக்கு."

1983-இல் ஏறத்தாழ 800 தொங்கான்கள் ஆற்றைவிட்டு மேற்கே பாசிர் பாஞ்சாங் கடலோரத்துக்கு அனுப்பப்பட்டன. நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலான படகுத் தொழில் அந்த ஆற்றில் அத்தோடு முடிந்தது. போட் கீயில் கிட்டங்கிகள் பூட்டிக் கிடந்தன. கூலிகளை நம்பியிருந்த சோற்றுக் கடைகள், முடிவெட்டும் கடைகள் எல்லாம் ஓய்ந்தன.

"சுத்தமாயிருச்சு. ஆனா சத்தமே இல்ல. நான் பாட்டுக்குத் தனியா வாரிக்கிட்டு நின்னேன். வார்றதுக்கும் ஒண்ணுமில்ல."

அந்தக் கூட்டாளி பாசிர் பாஞ்சாங்கில் ஓராண்டு தாக்குப்பிடித்தாராம். அங்கே அலை அதிகம், சரக்குக் குறைவு. படகை விற்றுவிட்டு ஒரு கட்டடத்தில் காவல் வேலைக்குப் போனார். அடுக்குமாடி வீடு கிடைத்தது, பிள்ளைகள் படித்தார்கள். வசதிக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு நாள் பெரியப்பா பார்க்கப் போனபோது, பத்தாவது மாடிச் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதென்று விரலை நனைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

தெருக்கடைக்காரருக்கு மாற்றுக் கடை இருந்தது. குடிசைக்காரருக்கு மாற்று வீடு இருந்தது. படகோட்டியின் கைத்தொழிலுக்கு மட்டும் மாற்று இல்லை. பெட்டி வந்த பிறகு அது எப்படியும் அழிந்திருக்கும் என்பதும் உண்மை. ஆற்றைக் கழுவியது அந்த அழிவைச் சற்று விரைவுபடுத்திற்று, அவ்வளவே. நான் அந்த அரசாங்கத்தைக் குறை சொல்லவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை நாற்றத்திலிருந்து எடுத்து, தண்ணீர்க்குழாயும் மின்விளக்கும் உள்ள வீட்டில் வைத்தது சிறிய காரியமா? எங்கள் லயத்தில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது நாங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். சுத்தத்தின் அருமையைத் தோட்டத்து ஆசிரியைக்கு எவரும் சொல்லித்தர வேண்டாம்.

தண்ணீர் தெளிந்த பிறகே கரைக்கு மறுவாழ்வு வந்தது. 1989-இல் போட் கீயைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்து, பழைய கடைவீடுகளை இடிக்காமல் பழுது பார்த்தார்கள். அரிசி மூட்டை கிடந்த இடத்தில் உணவகம் வந்தது. சற்று மேலே கிளார்க் கீயின் கிட்டங்கிகள் 1993-இல் கேளிக்கைக் கடைகளாகத் திறந்தன. அந்தக் கிளார்க் யாரென்றால், 1874-இல் பங்கோர் ஒப்பந்தத்தை முடித்து மலாய் நாட்டில் ஆங்கிலேயர் கால் ஊன்ற வழி செய்த அதே கவர்னர்தான். முகத்துவாரத்தில் நின்ற பெரிய தபால் நிலையக் கட்டடம் 2001-இல் நட்சத்திர ஹோட்டலாயிற்று. 2008-இல் கடல்வாயில் மரினா அணைக்கட்டைக் கட்டி உப்புத் தண்ணீரைத் தடுத்தார்கள். மழை பெய்து பெய்து உள்ளே இருந்த உப்பு கழிந்து, அது நன்னீர்த் தேக்கமாகிவிட்டது. பூனை செத்து மிதந்த அந்த ஆற்றின் தண்ணீர், இன்று சுத்திகரிக்கப்பட்டுச் சிங்கப்பூர்வாசிகளின் குழாயில் வருகிறது! அதைக் கேட்டதும் என் மூத்தவள் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிப் பார்த்தாள்.

இடித்துத் தள்ளாமல் வைத்ததைப் பாராட்டத்தான் வேண்டும். ஆயினும் எனக்கு ஒரு சிறு உறுத்தல். சுவர் நின்றுவிட்டது, சுவருக்குள் உழைத்தவன் நிற்கவில்லை. கரையோரம் வெண்கலச் சிலைகள் வைத்திருக்கிறார்கள். செட்டியார் இருக்கிறார், மூட்டை சுமக்கும் கூலி இருக்கிறார், மாட்டுவண்டி இருக்கிறது. ஆற்றில் குதிக்கும் பையன்களின் சிலை மிக அழகு. குப்பை வாரியவனை நான் தேடினேன். நாங்கள் நடந்த தூரத்தில் காணவில்லை.

நம் பக்கத்துக் கரைகள்

நம் நாட்டிலும் இது நடந்துகொண்டுதான் இருக்கிறது. மலாக்கா ஆற்றை முன்பு பார்த்தவர்கள் இப்போது போய்ப் பார்க்க வேண்டும். கரையைச் செப்பனிட்டு, பழைய வீட்டுச் சுவர்களில் சித்திரம் தீட்டி, சுற்றுலாப் படகு விடுகிறார்கள். பினாங்கில் சீனக் குலத்தார் கடலுக்குள் மரக்கால் நட்டுக் கட்டிய துறை வீடுகள் உண்டு. அவற்றில் இரண்டு 2006-இல் இடிபட்டன. ஈராண்டு கழித்து, 2008-இல் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன. எஞ்சிய துறை வீடுகளைப் பார்க்க இன்று உலகமே வருகிறது. இரண்டாண்டு பொறுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

துறைமுகத்துக் கதையைத் தோட்டத்து மக்களுக்கு ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். புத்ராஜெயா எழுந்த நிலம் எது? 1995-க்கு முன் அங்கே பெராங் புசார் போன்ற ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. நகரம் நெருங்கி வர, நிலத்தின் விலை பாலின் விலையைத் தாண்டிவிடுகிறது. அப்போது மரம் விழுகிறது. மரத்தோடு லயமும், கோவிலும், சில இடங்களில் பள்ளியும் போகின்றன. நான் சிறுமியாக இருந்த தோட்டமும் அப்படித்தான் வீட்டு மனையாயிற்று. எங்களுக்குக் கிடைத்த நோட்டீசில் காலி செய்ய வேண்டிய தேதி தெளிவாக அச்சாகியிருந்தது. போக வேண்டிய இடம் அச்சாகவில்லை. அப்பா அந்தத் தாளைப் பலமுறை திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்குமோ என்று.

அதனால்தான் ஆற்றங்கரையில் நின்றபோது நான் அழகை மட்டும் பார்க்கவில்லை. அங்கே கரையைக் காலி செய்யுமுன் குடிசைக்கு வீடும், கடைக்குக் கடையும் எண்ணி வைத்தார்கள். அந்தக் கணக்கு முழுமையானதல்ல என்பதற்குப் பெரியப்பாவின் கூட்டாளி சாட்சி. ஆனாலும் கணக்கு என்று ஒன்று இருந்தது. உங்கள் தோட்டத்து வாசலிலும் அளவுச் சங்கிலியோடு ஆட்கள் வந்து நிற்கும் நாள் வரலாம். அப்போது "எங்கே போவது, எப்போது போவது, போன இடத்தில் என்ன வேலை" என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். சங்கத் தலைவர் கேட்பார் என்று விட்டுவிடாமல், எல்லாரும் சேர்ந்து கேளுங்கள். கோவில், பள்ளி பற்றிய கேள்வியை நான்காவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாலையில் படகுச் சவாரி போனோம். பழைய தொங்கானின் தம்பி மாதிரி ஒரு சிறு படகு, இப்போது மின்சாரத்தில் ஓசையின்றி ஓடுகிறது. இத்தனை ஆண்டும் இந்த ஆற்றில் பெரியப்பா டிக்கெட் வாங்கிப் படகேறியது அன்றுதான் முதல் தடவை. முதுகை நிமிர்த்தி, கையை மடியில் வைத்து, யாரோ வீட்டுக்கு விருந்துக்கு வந்தவர் போல் உட்கார்ந்திருந்தார். பாலத்தடியில் போகும்போது மட்டும் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். பாலம் உயரத்தில்தான் இருந்தது. படித்துறை அருகே தண்ணீருக்குள் ஏதோ நெளிந்தது. சின்னவள் "நீர்நாய்!" என்று கத்தினாள். ஒரு காலத்தில் அந்தத் தீவிலேயே காணாமற்போயிருந்த நீர்நாய்கள், 1990-களின் கடைசியில் திரும்பி வந்து, இப்போது குடும்பம் குடும்பமாக இந்தத் தண்ணீரில் திரிகின்றன. வாயில் மீனோடு ஒன்று தலை தூக்கிப் பார்த்துவிட்டு முழுகிற்று.

கரையோர உணவகத்தில் சாப்பிடலாமென்று நான் அழைத்தேன். விலைப் பலகையைப் பார்த்துவிட்டுப் பெரியப்பா தலையை அசைத்தார். கொஞ்சம் நடந்து ஓர் உணவங்காடி நிலையத்துக்குப் போனோம். பிள்ளைகள் மேசை பிடித்தார்கள். பெரியப்பா நேரே உட்காரவில்லை. கடை ஓரமாகப் போய்க் குனிந்து, பாத்திரம் கழுவும் இடத்தில் தண்ணீர் எந்தக் குழாய்க்குள் இறங்குகிறதென்று பார்த்தார். கடைக்காரப் பெண் ஏதோ விழுந்துவிட்டதோவென்று அவரும் குனிந்து பார்த்தார்.

"ஒண்ணுமில்லம்மா. சரியான எடத்துக்குத்தான் போகுது" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்து, எங்களுக்கெல்லாம் மீ கோரிங் சொன்னார்.